உருஷி பூசிய மை பேனா, வெள்ளிக் கிளிப்போடு: சேலத்தில் செய்ய ஒரு முழு வழிகாட்டி

கையால் செய்த மை பேனா என்றதும் பலரும் லேத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன லேத், என்ன விலை, எங்கே கற்றுக்கொள்வது என்று. கடைசல் கை வந்தவருக்குப் பேனா உடலைக் கடைந்து எடுப்பது இரண்டு நாள் வேலை. அதன்மேல் போகும் உருஷி என்ற மரப்பால் பூச்சுதான் இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பூச்சை. உடலின் விட்டம், மரை, கிளிப் உட்காரும் பள்ளம் எல்லாமே அதைப் பார்த்துத்தான் அமையும். பூச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்த பேனாவில் மூடி இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் கிளிப் வளையம் உட்காராது.

எந்தப் பூச்சு, எந்த ஊரில்

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது அவலரக்கு. மரச்சாமானுக்கு அழகாக இருக்கும், பேனாவுக்கு வேண்டாம். ஸ்பிரிட்டில் கரையும் பொருள் அது; சானிடைசர் தேய்த்த கையோடு எடுத்தாலே பூச்சு மங்கிவிடும். அடுத்தது பியூ (பாலியூரித்தேன்) என்று மர பாலிஷ்காரர்கள் சொல்லும் இரண்டு கலவைப் பூச்சு. உறுதியானது, சீக்கிரம் வேலை முடியும். ஆனால் அதன் ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழ் விழும். ஆகவே அதைச் சேலத்தின் வறண்ட நாட்களில் அடிக்க வேண்டும், ஏற்காடு மலையில் மழை நாளில் தொடவே கூடாது. ஆவிக்கேற்ற முகமூடியும் கட்டாயம்.

இந்த வழிகாட்டி உருஷிக்கானது. கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால் அது. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அதே குடும்பத்து மரங்கள். சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டை மை எத்தனை துவைத்தாலும் போகாததற்குக் காரணமான பொருளும் உருஷியில் இருப்பதும் நெருங்கிய சொந்தம். 1918இல் தொடங்கிய ஜப்பானின் நமிகி நிறுவனம், அதாவது இன்றைய பைலட், எபோனைட் என்ற கடின ரப்பரில் செய்த பேனாவின் கறுப்பு நிறம் மங்குவதைத் தடுக்கத்தான் 1920களில் உருஷியைக் கையில் எடுத்தது.

உருஷி நாம் நினைக்கும் விதத்தில் காய்வதில்லை. பாலிலேயே இருக்கும் லாக்கேஸ் என்ற நொதிதான் அதை இறுக வைக்கிறது, அந்த நொதிக்குக் காற்றில் ஈரம் வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பம், 70 முதல் 85 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஓர் இரவில் பிடித்துவிடும். வெயிலில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும்.

இங்கேதான் நம் ஊரின் அமைப்பு கைகொடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கும் சேலம் பங்குனி, சித்திரையில் வறண்டு கிடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டரில் ஏற்காடு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை பல நாள் மேகம் சன்னலுக்குள் வரும். கடைசலையும் வெள்ளி வேலையையும் கீழே முடித்துவிட்டு, பூச்சுக்கு மழைக்காலத்தில் மேலே போவதுதான் என் வழக்கம். ஒரு சின்ன அறையும் கதவுள்ள அலமாரியும் போதும். மேலே இடம் இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒரு பெட்டி தயார் செய்யலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. ஈரமான உருஷி தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும்; பட்ட அன்றே வராமல் ஓரிரு நாள் கழித்தும் வரும். மாம்பால் பட்டால் உதடு வெந்துபோகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு உருஷியும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம், ஆகவே பியூ பக்கம் போவது நல்லது. மற்றவர்களும் நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் முதலில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து தானே எண்ணெய் எடுத்துப் பூசிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கடைசல்

கட்டைக்கு எபோனைட் எடுங்கள். ரப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள். உருஷி அதன்மேல் பிடித்துக்கொள்வது மாதிரி அக்ரிலிக்கில் பிடிக்காது. 18 மி.மீ. தடிக் கட்டை ஒன்றரை அடி இருந்தால் ஒரு பேனாவும் சோதனைத் துண்டுகளும் வரும். சோதனைத் துண்டை விட்டுவிடாதீர்கள். பேனாவுக்கு என்ன செய்கிறோமோ அதையெல்லாம் அதற்கும் செய்து, நகத்தால் கீறிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எபோனைட் சூடானால் இளகும், துளை பெரிதாகிவிடும். டூல் கூர்மையாக இருக்கட்டும், டிரில்லை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலைத் தட்டுங்கள், கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட விடாதீர்கள். சரியாக வெட்டும்போது சீவல் நீள நாடாவாகச் சுருண்டு வரும். பொடியாக உதிர்ந்தால் டூல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கந்தக வாடை அடிக்கும். தூசியை மூச்சில் இழுக்காமல் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி. முதலில் உடலின் உட்துளை: 8.2 மி.மீ. டிரில், வாய்ப்பக்கம் 9 மி.மீ., 0.75 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), உள்மரை வெட்டும் டேப். மை இழுக்கும் கன்வெர்டர் இந்தத் துளைக்குள் தாராளமாக இறங்கும். அப்புறம் கழுத்து, அதாவது எழுதும்போது விரல் பிடிக்கும் பாகம். அதன் ஒரு முனையில் உடலுக்குள் திருகும் 9 மி.மீ. வெளிமரை, மறுமுனையில் நிப்பு யூனிட்டுக்கான உள்மரை. ஜெர்மனியின் ஜோவோ 6ஆம் எண் யூனிட் என்றால் அது 7.4 மி.மீ., 0.5 பிட்ச்; சாதாரண டூல் கடையில் அந்த டேப் இருக்காது, நிப்போடு சேர்த்தே வரவழைத்துவிடுங்கள். வேறு நிப்பு என்றால் கையில் வாங்கி அளந்த பிறகுதான் துளை.

மூடிக்கு 13 மி.மீ., 0.8 பிட்ச் கொண்ட மூன்று தொடக்க மரை (மூன்று புரிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது) போடுவது வழக்கம். ஒரே தொடக்கம் என்றால் மூடியைத் திறக்க நான்கைந்து சுற்று சுற்ற வேண்டும், மூன்று தொடக்கத்தில் ஒன்றரைச் சுற்றில் திறந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று தொடக்கம் என்றால் மூடி மூன்று விதமாக வந்து உட்காரும். உடலிலிருந்து மூடிக்குத் தொடரும் வேலைப்பாடு செய்வதாக இருந்தால், சரியாக வந்து சேரும் இடத்தை மரையின் விளிம்பில் புள்ளி குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெளிவிட்டம். ஒரு கோட் உருஷி 0.02, 0.03 மி.மீ.தான் வரும். எட்டு, பத்து கோட் போட்டு இடையிடையே தேய்த்த பிறகு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.2 மி.மீ. நிற்கும், விட்டத்தில் 0.4. ஆக, முடிந்த பேனாவில் மூடி 15.5 மி.மீ. இருக்க வேண்டுமென்றால் 15.1க்குக் கடையுங்கள். கூர்மையான விளிம்பில் பூச்சு மெலிந்து சீக்கிரம் உதிரும், அதனால் எல்லா விளிம்பையும் உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள். மரைகளில் பூச்சே படக் கூடாது. பூசும் முன் மறைப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

மூடியின் உச்சியில் கிளிப் வளையத்துக்கு 12.4 மி.மீ. அகலம், 1.1 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் சுவரில் கிளிப் வெளியே வர 4.4 மி.மீ. வாய். நடுவில் 6 மி.மீ. உள்மரை, அதில்தான் உச்சித் திருகு இறங்கி வளையத்தை அழுத்திப் பிடிக்கும். பசையே வேண்டாம். பத்து வருடம் கழித்து யாராவது கழற்றிப் பழுது பார்க்க முடிய வேண்டும்.

கிளிப்

சேலத்தில் பேனா செய்பவருக்கு வெளியூர்க்காரருக்கு இல்லாத பலம் ஒன்று உண்டு. செவ்வாய்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரையாவது நமக்குத் தெரிந்திருக்கும். "அண்ணே, 92.5 டச்சுல ஒரு மில்லி தகடு, ஏழு கிராம்" என்றால் உருக்கி, ரோலரில் விட்டு இழுத்துக் கொடுத்துவிடுவார். சுத்த வெள்ளி வாங்காதீர்கள், மடங்கினால் மடங்கியபடியே நிற்கும். ஏழரை பங்கு செம்பு சேர்ந்தால்தான் திரும்பி நிமிரும் விசை வரும்.

கிளிப்பை ஒரே தகட்டில் வெட்டுவதே என் விருப்பம். 12 மி.மீ. வளையமும், அதிலிருந்து நீளும் 42 மி.மீ. நாக்கும் ஒரே துண்டு. நாக்கு மேலே 4 மி.மீ. அகலம், நுனியில் 3. வளையத்தைத் தனியாகச் செய்து பற்றவைத்தால், தினமும் சட்டைப்பையில் இழுபடும் இடத்திலேயே பற்று விழுகிறது, அங்கேதான் முறியும். படத்தைத் தாளில் வரைந்து தகட்டில் ஒட்டி, நகை வேலைக்கான மெல்லிய வில் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அரம் போடும்போது கீழே ஒரு தாள் விரித்து வெள்ளித் தூளைச் சேர்த்து வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நுனிக்கு ஒரு குண்டு. வெட்டிய மிச்சத்தில் கால் கிராம் எடுத்து, கரித்துண்டில் சிறு குழி தோண்டி, வெங்காரம் தொட்டு வையுங்கள். நெருப்பை மேலிருந்து சுற்றிக் காட்டுங்கள். வெள்ளி முதலில் மங்கலாகச் சிவக்கும். அப்புறம் ஓரங்கள் உள்ளே சுருளும். திடீரென்று மொத்தமும் ஒரு துளியாகத் திரண்டு, மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளத்து, லேசாகச் சுழலும். அந்தச் சுழற்சி தெரிந்ததும் நெருப்பை மெதுவாக விலக்க வேண்டும். சட்டென்று விலக்கினால் மேலே குழி விழும். கிடைக்கும் குண்டு மூன்றரை மி.மீ. இருக்கும். அடிப்பக்கத்தைச் சிறிது தட்டையாக்கி, நாக்கின் நுனியில் பற்றுப் பொடி வைத்து ஊதிப் பற்றவையுங்கள்.

சூடு பட்ட வெள்ளி இளகியிருக்கும். வளையும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, நாக்கின் நீளம் முழுவதையும் பட்டடையில் வைத்து, மழமழப்பான முகமுள்ள சுத்தியலால் ஒரே சீராகத் தட்டுங்கள். தட்டத் தட்ட விறைப்பு ஏறுவது ஓசையிலேயே தெரியும். மந்தமாகக் கேட்டது மெல்ல மெல்லக் கணீரென்று மாறும். பிறகு ஒரு இரும்புக் கம்பியின் மேல் வைத்து மூடியின் விளிம்புக்கு ஏற்ற மாதிரி வளையுங்கள். குறட்டால் நேரடியாக மடக்கினால் உள்மூலையில் விரிசல் விடும். குண்டு மூடியைப் பட்டும் படாமலும் தொட வேண்டும். அழுத்திக்கொண்டிருந்தால் என்ன பூச்சு போட்டாலும் அந்த இடம் தேய்ந்துவிடும். சட்டைத் துணி ஒரு மடிப்பு உள்ளே போனதும் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லாம் முடிந்தால் கிளிப் மூன்று கிராம் அளவில் நிற்கும்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. எபோனைட்டில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். வளையம் எபோனைட்டின் மேல் நேரடியாக உட்கார்ந்தால் சில மாதத்தில் ஓரங்களில் கருமை ஏறும். ஆகவே மூடியின் பள்ளத்துக்குள்ளும் உருஷி பூச வேண்டும். வளையத்தின் அடிப்பக்கத்தில் பச்சை உருஷியை (பதப்படுத்தாத, நிறம் சேர்க்காத உருஷி) மிக மெல்லியதாகத் தேய்த்து, 150 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் உலோகத்தோடு அப்படியே இறுகிவிடும். சூடு தாங்கும் உலோகத்தில் ஈரம் இல்லாமல் இப்படிச் சூட்டிலேயே இறுக வைக்கலாம். சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் இதைச் செய்யாதீர்கள்.

பூச்சு

முதலில் அலமாரியை அல்லது பெட்டியைத் தயார் செய்யுங்கள். சேலத்தில் என்றால் பெரிய தெர்மாகோல் பெட்டி, அடியில் பிழிந்த ஈரத் துணி, ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர். துணி பேனாவில் படாமல் குறுக்கே குச்சிகள். ஏற்காட்டில் மழை நாளில் அலமாரிக்குள் ஈரத் துணியே தேவைப்படாது. சில நாள் ஈரம் 90ஐத் தாண்டி, அதுவே தொந்தரவாகிவிடும். மார்கழி, தையில் வேறு சிக்கல். ஈரம் இருந்தாலும் இரவில் குளிர் 15 டிகிரிக்கும் கீழே போய்விடும், உருஷி தூங்கிவிடும். அலமாரியில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, அது உலர்த்தும் ஈரத்தை ஈடுகட்ட ஒரு துணியும் வையுங்கள்.

அடிப்பூச்சு: எபோனைட்டை 600 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, பச்சை உருஷியில் பாதிக்குப் பாதி டர்பென்டைன் கலந்து தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஓர் இரவு பெட்டியில். இன்னொரு முறை இதே மாதிரி. இதன்பின் கட்டை முழுவதும் ஒரே சீராகத் தெரிய வேண்டும்.

அடுத்து கறுப்பு உருஷி. இரும்பு சேர்ந்து கறுப்பானது என்பதால் இதில் தனியாக நிறப்பொடி கிடையாது, ஆழம் தெரியும். பூசும் முன் மெல்லிய வடிதாளில் முறுக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். அறையில் மின்விசிறி ஓடக் கூடாது, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், நூல் உதிரும் சட்டை வேண்டாம். கட்டையை ஒரு குச்சியில் மாட்டி, தட்டைத் தூரிகையால் முதலில் குறுக்காக, பிறகு நீளவாக்கில் இழுங்கள். போதாது என்று தோன்றும் அளவோடு நிறுத்துவதுதான் சரியான அளவு. தடித்துவிட்டால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் சிக்கி, பூச்சு சுருங்கி மடிந்துவிடும். அதிக ஈரத்தில் வேகமாக இறுகினாலும் இதே கதிதான். அதனால் முதல் சில மணி நேரம் 60, 65 சதவீதத்தில் வைத்து, பிறகு 75க்குக் கூட்டுங்கள். ஏற்காட்டின் அடைமழை நாளில் அலமாரிக் கதவைச் சற்றுத் திறந்து பல்பை எரியவிட்டால் ஈரம் குறையும். பூசியதும் முதல் இரண்டு மணி நேரம் கட்டையை அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிப்பக்கம் வழிந்து கனத்துவிடும்.

இறுகிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். வாயால் ஊதுங்கள். நீலம் கலந்த வெண்பனி படர்ந்து மெல்ல மறைந்தால் மேற்பரப்பு பிடித்துவிட்டது. ஆனாலும் தேய்க்கும் முன் இரண்டு, மூன்று நாள் விடுங்கள். பின்பு 1000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சின்னக் கட்டையில் சுற்றி, பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். பளபளக்கும் புள்ளி எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம் என்று பொருள். அடுத்த கோட் அதை நிரப்பும். இப்படியே பூசி, இறுக்கி, தேய்த்து, எட்டு கோட் வரை.

வெள்ளித் தூள் தூவ வேண்டுமென்றால் நடுவில் ஆறாவது கோட்டில் செய்யுங்கள். கிளிப் அராவியபோது சேர்த்த தூளில் காந்தத்தை ஓட்டி அரத்தின் இரும்புத் துகளை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் சலித்து, மூங்கில் குழாயின் வாயில் அதே துணியைக் கட்டி, விரலால் தட்டித் தட்டித் தூவுங்கள். மூடியின் உச்சியில் அடர்த்தியாக ஆரம்பித்துக் கீழே வரவரக் குறைந்தால், சேர்வராயன் மலையில் மேகம் இறங்குவது அப்படியே கண்ணுக்குத் தெரியும். நன்றாக இறுகியதும் நீர்த்த பச்சை உருஷியால் துகள்களைக் கட்டிப்போட்டு, மேலே இரண்டு கோட் கறுப்பு. பிறகு தேய்க்கத் தேய்க்க வெள்ளி மெல்ல மேலே வரும். எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் கழுவிப் பாருங்கள்.

கடைசி மெருகு: 1500, 2000, 3000 தாள்கள் வரிசையாக. அதன்பின் பச்சை உருஷியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, முழுவதும் துடைத்தெடுத்து, இறுக வைத்து, நைஸான பாலிஷ் பொடியோடு ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்து உள்ளங்கையாலேயே தேய்க்க வேண்டும். இதை மூன்று முறை செய்யுங்கள். துணியைவிட உள்ளங்கைச் சூடு நல்ல மெருகு தரும்.

பிறகு பேனாவைக் குறைந்தது ஒரு மாதம் அப்படியே விட்டுவிடுங்கள். மேலே இறுகினாலும் உள்ளே இறுகுவது தொடரும். அவசரப்பட்டு மாட்டிய உச்சித் திருகின் தடம் பூச்சில் நிரந்தரமாக விழுந்துவிடும்.

சேர்ப்பதும் சோதிப்பதும்

மறைப்பு டேப்பை எடுத்து, மரைகளைச் சுத்தம் செய்து, கிளிப் வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து உச்சித் திருகை இறக்குங்கள். நிப்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நுனியில் பிளந்து நிற்கும் இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இருந்தால் வேறு எதையும் தொட வேண்டாம். கன்வெர்டர் இல்லாமல் உடலுக்குள்ளேயே மை ஊற்றி எழுத விரும்புகிறவர்கள் கழுத்து மரையில் சிலிகோன் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட பேனாவுக்கு நம் மலைச்சாலையைவிடச் சிறந்த சோதனைக்கூடம் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பாதி மை இருக்கும் பேனாவில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அதனால் முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்க்கச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஏறுங்கள். அப்படியும் மேலே போய்த் திறந்ததும் மூடிக்குள் மை தெறித்திருந்தால், நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கு சரியாக உட்காரவில்லை, அல்லது கழுத்து மரை தளர்வு. எபோனைட் நாக்கு என்றால் வெந்நீரில் காட்டி நிப்போடு அழுத்திப் படியவைக்கலாம். அந்த வேலைக்கு நிப்பையும் நாக்கையும் தனியே கழற்றி எடுங்கள், பூசிய பாகங்கள் வெந்நீர் பக்கமே போக வேண்டாம்.

பேனாவை வாங்கிப் போகிறவரிடம் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்: கழுவச் சாதாரணத் தண்ணீர் போதும், ஸ்பிரிட் ஆகாது, வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகக் கூடாது. கிளிப் கறுத்தால் கழற்றி எடுத்து, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் இல்லாமல் துடைத்து மாட்டிக்கொள்ளலாம். வெள்ளி பாலிஷ் பசையைப் பேனாவிலிருந்து கழற்றாமல் தேய்க்கக் கூடாது, அது பக்கத்துப் பூச்சையும் சேர்த்து அரித்துவிடும்.